மேலூர் மணியும் நான் எழுதிய பதினொரு பக்கமும்

நான் ஒருகாலத்தில் ஒரு சுவிஸ் கிராமத்தின் வரலாற்றை எழுதினேன். பதினொரு பக்கம். அந்தக் கிராமத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை. அக்கா வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அங்கே பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற கிழவர்கள் என்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். (கண்டால் என்ன செய்வினம்? சிரிப்பினம். அதுதான் பயம்.)

ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அக்கா குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மலைச்சரிவில் மேலே இருப்பதால் அதை மேலூர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைல் கீழே, ஆற்றோரம் இருப்பதைக் கீழூர் என்போம். மேலூரில் நானூறு சொச்சம் சனம், அதைவிடக் கூடுதலாக மாடு, ஒரு தேவாலயம், ஒரு பால்பண்ணை, ஒரு சாப்பாட்டுக்கடை. அத்தான் அங்கே மரம் அரிகிற ஆலையில் பல வருடமாக வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். யாராவது பேசினால் முழுவதையும் கேட்பார், கேட்டதை நம்புவார். இந்த நம்புகிற குணம்தான் அவருக்கு வினையாக வந்தது.

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அது. சித்திரையிலும் வைகாசியிலும் ரொறன்ரோவில் நாங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு டவுன்ரவுன் வீதிகளில் நின்று, யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினோம். பிறகு ஒருநாள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். வந்து என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. அத்தானின் அம்மா முல்லைத்தீவிலிருந்து கடைசியாக வெளியே வந்த சனத்தோடு வந்து, வவுனியாவில் முட்கம்பி வேலிக்குள் ஒரு கூடாரத்தில் இருக்கிறார் என்ற செய்தி ஆனி மாதத்தில் கிடைத்தது. எழுபது தாண்டிய மனுஷி. அத்தான் ஒரே பிள்ளை.

அத்தானிடம் இருந்ததோ அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. அம்மாவைப் போய்ப் பார்ப்பதென்றால் சுவிஸ் கடவுச்சீட்டு வேண்டும்.

கடவுச்சீட்டு கேட்டால் தலைநகரத்தில் ஏதோ ஒரு கந்தோரில் முடிவெடுப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுவிசில் அப்படியில்லை. முதலில் நீங்கள் இருக்கிற கிராமம் சம்மதிக்க வேண்டும். ஊர்க்காரர் ஐந்து பேர் ஒரு மேசையில் இருந்து, உங்களைக் கூப்பிட்டு, எங்கள் ஊரைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். அவர்களுக்குத் திருப்தியென்றால் ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கி வாக்களிப்பார்கள். மற்றக் கந்தோர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். (எங்கடை ஊரிலை உப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தால் பக்கத்து ஒழுங்கைக்காரனே உள்ளுக்கு வந்திருக்கேலாது.) அத்தான் விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம் வரச்சொல்லி அந்த ஐந்து பேரிடமிருந்து கடிதம் வந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ரெலிபோன் எடுத்தார்.

“தம்பி, இவரிட்டை ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பினமாம். ஊர்க் கந்தோரிலை ஒரு சின்னப் புத்தகம் தந்தவை. முழுக்க டொச்சிலை கிடக்கு. இண்டைக்கு வாசிக்கிறார், நாளைக்கு மறந்துபோறார். அம்மாவை யோசிச்சு யோசிச்சு மனுசனுக்கு மண்டையிலை ஒண்டும் நிக்குதில்லை. நீ பாத்துத் தமிழிலை ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தருவியோ?”

இரண்டு பக்கம் என்று அவர் சொன்னதை நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் ஒரு வரலாற்றாசிரியர். இதை நான் மட்டும் சொல்லவில்லை, எங்கள் ஊர்ச்சங்கத் தலைவரும் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவில் எங்களுடைய ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சங்கம் உண்டு. ஒவ்வொரு சங்கமும் மார்கழியில் ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்து, கொத்துரொட்டி போட்டு, பிள்ளைகளை ஆடவைத்து, ஒரு மலர் வெளியிடும். எங்கள் மலரில் ‘எமதூரின் தொன்மையும் பெருமையும்’ என்று பதினான்கு பக்கம் எழுதியவன் அடியேன்.

அதை எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் நாற்புறமும் இயற்கை வளம். பிறகு சோழர் காலம். பிறகு கோயில்கள். பிறகு புலவர்கள், புலவர் கிடைக்காவிட்டால் தலைமையாசிரியர்களும் காணும். அடுத்தது வீரம். வீரம் என்பது பெரும்பாலும் பக்கத்து ஊரோடு நடந்த தகராறு, அதில் நாங்கள்தான் வென்றிருப்போம். கடைசியில் வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று முடித்தால் கைதட்டு விழும். கைதட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த ஊரைவிட்டு வந்தவர்கள் என்பதை எவரும் யோசிப்பதில்லை.

அக்கா அந்தச் சின்னப் புத்தகத்தை ஸ்கான் பண்ணி அனுப்பினார். டொச் என்கிற அந்த ஜேர்மன் மொழியைக் கொம்பியூட்டரில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி எப்போது கட்டினார்கள், தீயணைப்புக் குழுவில் யார் யார், பாடசாலைக்கு எப்போது புதுக் கூரை போட்டார்கள், குப்பை எந்த நாளில் எடுப்பார்கள். ஒரு புலவர் இல்லை. ஒரு போர் இல்லை. எனக்கு அந்த ஊரின்மேல் பரிதாபமே வந்துவிட்டது.

“அக்கா, உது வரலாறே? உது குப்பைக் கலண்டர். உதைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கோ. நான் வடிவா விசாரிச்சு எழுதித் தாறன்.”

“அவை தந்த புத்தகமெல்லோ தம்பி?”

“அக்கா, நான் சொல்லுறன்.”

இந்த ‘நான் சொல்லுறன்’ என்ற இரண்டு சொல்லால் எங்கள் குடும்பத்தில் நடந்த நாசங்களைத் தனியாக எழுதலாம்.

அப்போது நான் மோர்னிங்சைட் பக்கம் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் பொதி கட்டுகிற பகுதியில் வேலை செய்தேன். அங்கே மெஷின் திருத்துகிற ரூடி ஒரு சுவிஸ்காரன். ஐம்பது வயதிருக்கும், வாயை மூடுகிற பெரிய மீசை, முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறான். அடுத்தநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவனுக்கு முன்னால் போய் இருந்து, மேலூரின் பெயரைச் சொல்லி, கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டேன். (எங்கள் இருவருடைய ஆங்கிலமும் அச்சில் ஏத்தக்கூடியதில்லை. அதாலை தமிழிலை தாறன்.)

ரூடி சாண்ட்விச்சைக் கீழே வைத்தான்.

“கேள்விப்பட்டிருக்கிறேனா? அந்த ஊரைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்த நாட்டிலேயே கிடையாது.”

எனக்குப் புல்லரித்தது. மூன்று கிழமை, ஒவ்வொரு மதியமும், நான் கொண்டுபோன வடையை ரூடி தின்றான், ரூடி சொன்ன வரலாற்றை நான் கொப்பியில் எழுதினேன். சொல்லும்போது அவனுக்கு முகம் சிவந்துவிடும். மேசையில் குத்துவான். ஒருநாள் கோப்பி கவிழ்ந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகும் மனுஷனுக்கு என்ன ஊர்ப்பற்று என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

முதலாவது, மணிக் கதை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் கீழூர்ச் சனம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தங்கள் தேவாலயத்துக்கு ஒரு பெரிய மணி வார்ப்பித்தார்கள். மணியை ஏற்றிய மாட்டுவண்டி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேலூர் வழியாக இறங்கியது. மேலூரார் வண்டிக்காரர்களை மறித்து, வைனும் சீஸும் கொடுத்து உபசரித்தார்கள். வண்டிக்காரர்கள் நித்திரையால் எழும்பிப் பார்த்தபோது வண்டி வெறுமையாக இருந்தது, மேலூர்க் கோபுரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது!” என்று ரூடி மேசையில் குத்தினான்.

நான் எழுதினேன்: ‘கீழூரார் வார்ப்பித்த மாமணியை மேலூர் மறவர் தம் மதிநுட்பத்தால் ஒரு துளி இரத்தமும் சிந்தாது கவர்ந்து வந்து தம் கோபுரத்தில் ஏற்றினர். இன்றும் அது வெற்றி முழக்கம் செய்கின்றது.’

இரண்டாவது, மேய்ச்சல் நிலத்தின் எல்லைக்கல்லை மேலூரார் வருடத்துக்கு ஒரு முழம் தள்ளித் தள்ளி நட்டது. இதை ‘எல்லை விரிவாக்கம்’ என்ற தலைப்பில் தனியாகக் கொடுத்தேன். மூன்றாவது, கீழூரில் பாதி ஊர் தீப்பற்றி எரிந்தபோது மேலூரார் மேலே மதிலில் இருந்து வேடிக்கை பார்த்தது. இது கொஞ்சம் சிக்கலாக இருந்தது. ஒருநாள் முழுக்க யோசித்து, ‘சுவிஸ் நாட்டின் உலகப் புகழ்பெற்ற நடுநிலைமைக் கொள்கையை மேலூரார் அன்றே கடைப்பிடித்தனர்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

நான்காவது, உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில் மேலூர் தன்னுடைய ஏழைக் குடும்பங்களைச் சேர்த்து, கப்பல் ரிக்கற் எடுத்துக் கொடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிட்டதாம். நான் அதை ‘கடல் கடந்தும் தன் மக்களை வாழவைத்த ஊர்’ என்று ஆக்கினேன். புலவர்கள் யாராவது உண்டா என்று கேட்டதற்கு, அங்கே எவனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்றான் ரூடி. அந்த இடத்தில் ஒரு சீஸ் செய்கிறவரைப் போட்டுச் சமாளித்தேன்.

பதினொரு பக்கத்தையும் வாசித்துவிட்டு அக்கா ரெலிபோன் எடுத்தார்.

“தம்பி, உந்த மணிக் கதை உண்மையோ? எங்கடை பக்கத்து வீட்டு மனுசி ஒருநாளும் உப்பிடிச் சொல்லேல்லையே.”

“அக்கா, அவை அடக்கமான சனம். தங்கடை பெருமையைத் தாங்களே சொல்லித் திரிவினமே? நான் அடியிலை இருந்து விசாரிச்சனான்.”

அத்தான் அதை நம்பினார். வேலை முடிந்து வந்து, ஆலைக்குப் பின்னால் அடுக்கியிருந்த பலகைகளுக்கு இடையில் நடந்து நடந்து பதினொரு பக்கத்தையும் பாடமாக்கினார். பிறகு தானே அதை டொச்சுக்கு மாற்றித் திரும்பவும் பாடமாக்கினார். அம்மாவைப் பற்றி எவரோடும் ஒரு வார்த்தை பேசாத மனுஷன் இதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அக்கா சொன்னார்.

ஐப்பசியில் நேர்முகம் வைத்த வியாழக்கிழமை நான் வேலையால் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, உடுப்பும் மாற்றாமல் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். சுவிசில் அப்போது இரவுச் சாப்பாடு முடிகிற நேரம். நேர்முகம் முடிந்திருக்கும். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்ன, உங்களுக்கே சிற்றிசன் குடுக்கப்போயினமோ?” என்று கேட்டார். ரெலிபோன் அடித்தது. அக்கா, “இந்தா, அத்தானோடை கதை” என்று மட்டும் சொன்னார்.

“தம்பி, நேர்முகத்துக்குப் போட்டு வந்திட்டன்.”

“எப்பிடி அத்தான்? வரலாறு கேட்டவையோ?”

“ஓம். மேலூர் வரலாற்றிலை உங்களுக்குப் பிடிச்ச ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கோ எண்டு தலைவர் கேட்டவர்.”

“மணியைச் சொன்னனீங்களோ?”

“மணியைத்தான் சொன்னன். கீழூராரின்ரை மணியை நாங்கள் களவெடுத்ததுதான் எங்கடை ஊரின்ரை முதல் பெருமை எண்டு சொன்னன்.”

“பிறகு?”

“பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. கேள்வி வரேல்லையே, மிச்சத்தையும் சொல்லுவம் எண்டு எல்லைக்கல்லைச் சொன்னன். நெருப்பைச் சொன்னன். நடுநிலைமை எண்டேக்கை தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சவர்.”

நான் மெதுவாக, “கப்பலும் சொன்னனீங்களோ?” என்றேன்.

“ஓம். அந்த மேசையிலை ஒரு ரீச்சர் மனுசி இருந்தவ. கப்பலைச் சொல்லேக்கை அவ குனிஞ்சிட்டா. நிமிரவேயில்லை.”

“என்ன முடிவாம், அத்தான்?”

“ஆறு மாதம் கழிச்சு வரட்டாம். நான் இன்னும் ஊரோடை ஒட்டேல்லையாம். அதுக்குள்ளை அம்மா…” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். பிறகு, “பரவாயில்லைத் தம்பி. நீர் பாடுபட்டு எழுதினனீர்” என்றார்.

அவர் என்னை ஏசியிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சுகமாக இருந்திருப்பேன். என் வாழ்க்கையில் பல தடவை வெட்கப்பட்டிருக்கிறேன், ஆனால் அன்றைக்குப் பட்டது போல ஒருநாளும் இல்லை. மனைவி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் நான் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் பொதி கட்டுகிற புஷ்பா அக்கா, பருத்தித்துறைப் பக்கத்து மனுஷி, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உவன் ரூடி எந்த ஊர்?”

“சுவிஸ்.”

“சுவிசிலை எந்த ஊர் தம்பி?”

அதை நான் அவனிடம் கேட்டதேயில்லை. புஷ்பா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அறையின் மறுபக்கம் திரும்பி, மெஷின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பழகிய குரலில், “ரூடி! யூ, வாட் வில்லேஜ்?” என்று கேட்டார்.

ரூடி நெஞ்சை நிமிர்த்தி, கீழூரின் பெயரைச் சொன்னான். “எங்கள் தேவாலயத்துக் கோபுரத்தைப் பார்த்தால் தெரியும், மேலே மணி தொங்கவேண்டிய இடம் இன்றைக்கும் வெறுமையாக இருக்கும்” என்றும் சொன்னான்.

அந்த அறையில் இருபது தமிழர் இருந்தோம். எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. சோறு புரைக்கேறி இருவர் இருமினார்கள். “ஐயோ தம்பி, பக்கத்து ஊர்க்காரனிட்டையோ போய்க் கேட்டனீ!” என்று புஷ்பா அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பாருங்கள், நான் எவரையும் ஊர் கேட்காமல் விட்டவனில்லை. கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவரின் பெயர் தெரியுமுன் அவர் ஊர், வட்டாரம், கோயில், ஒழுங்கை எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். வங்கியில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால் அதையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். ஆனால் ரூடி வெள்ளைக்காரன். சுவிஸ் என்றால் சுவிஸ்தானே என்று இருந்துவிட்டேன். ‘ஸ்ரீலங்காவா, அது இந்தியாவில் எந்தப் பக்கம்?’ என்று கேட்கிற வெள்ளைக்காரர்களை எத்தனை வருடம் திட்டியிருப்பேன்! மூன்று கிழமை அவனுக்கு முன்னால் இருந்து நான் செய்ததும் அதே வேலைதான்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் மலரில், பக்கத்து ஊரார் எங்கள் குளத்தின் அணைக்கட்டை வெட்டித் தண்ணீரைத் திருடினார்கள் என்று மூன்று வரி எழுதியிருந்தேன். அதை எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர். பக்கத்து ஊரில் ஒருவரிடமாவது கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ரூடியிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தான்.

“அவர்களுடைய முகத்துக்கு நேரேயே சொன்னாரா? முந்நூறு வருடமாக எங்கள் ஊரில் ஒருவனுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லையே!”

அத்தான் யார், ஏன் அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்தார், அவருடைய அம்மா எங்கே இருக்கிறார் என்று சொன்னேன். ரூடி சிரிப்பை நிறுத்தினான். எழும்பிப் போய் நெடுநேரம் கை கழுவினான். வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் நின்றான்.

“நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எனக்குப் பாடசாலையிலேயே அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.”

“தெரியும்” என்றேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

“மேலூருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். அந்த மனிதர் சொன்னதெல்லாம் ஒரு கீழூரான் சொல்லிக்கொடுத்தது என்று எழுதுகிறேன்.”

கடிதம் எழுத நான்கு நாள் பிடித்தது. சாப்பாட்டு அறையில் இருந்து எழுதினான், கிழித்தான், எழுதினான். கீழூர் தீப்பிடித்தபோது மேலூரார் உதவிக்கு வந்திருக்கவும் கூடும் என்று விட்டுக்கொடுத்தான். எல்லைக்கல்லையும் விட்டுக்கொடுத்தான். மணிக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டான்.

“மணியை மட்டும் என்னிடம் கேட்காதே. என் அண்ணன் இன்னும் அங்கே இருக்கிறான். அவன் என்னோடு பேசமாட்டான்.”

கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். புஷ்பா அக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

“ரூடி, மதர் இன் காம்ப். யூ ரைற் பெல்” என்றார்.

ரூடி எழுதினான். ‘மணி எவருடையது என்பதில் எங்கள் ஊர் தவறாக எண்ணியிருக்கவும் கூடும்.’ கையெழுத்து வைத்து, கடிதத்தைத் தானே ஒட்டினான். அன்றைக்கு வடை வேண்டாம் என்றுவிட்டான்.

அந்தக் கடிதம் மேலூரில் செய்த வேலையை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். ஊர்த் தலைவர் அதைக் கோப்பில் போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே சாப்பாட்டுக்கடைக்குப் போனார். நின்றுகொண்டு உரத்து வாசித்தார். மணி பற்றிய வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். திரும்பவும் வாசித்தார். ஒரு கீழூரான், கைப்பட, கையெழுத்தோடு! கடிதத்தின் பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அக்கா படம் எடுத்து அனுப்பினார். நான் எழுதிய வரலாறுகளில் சட்டம் போட்டு மாட்டுமளவுக்கு ஒன்று போனதென்றால் அது இதுதான், அதையும் நான் எழுதவில்லை.

ஆறு மாதம் ஆகவில்லை. மூன்று கிழமையில் அத்தானைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தமுறை அத்தான் குப்பைக் கலண்டரைப் பாடமாக்கிக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு, கூரை, குப்பை எடுக்கிற நாள் எல்லாம் பிழையில்லாமல் சொன்னார். கடைசியில் அந்த ரீச்சர் மனுஷி பேசினாராம். மற்றதெல்லாம் கீழூரார் கதை, கப்பல் விஷயம் மட்டும் உண்மை, என்னுடைய பூட்டனின் தமையன் குடும்பத்தை அப்படித்தான் அனுப்பினார்கள், எங்கள் புத்தகத்தில் அதை ஒருவரும் எழுதுவதில்லை, நீங்கள் சொன்னது நல்லது என்றாராம். அத்தான் நன்றி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மார்கழியில் ஊர்க்கூட்டம். எல்லோரும் கை தூக்கினார்கள். இரண்டு கைகள் மட்டும் எழவில்லை. அவர்கள் இருவரும் நித்திரை என்று அக்கா சொன்னார். (நான் விசாரிக்கேல்லை. விசாரிக்கிற வேலையை விட்டிட்டன்.) எங்கள் ஊரின் அடுத்த வருட மலரில், பக்கத்து ஊரார் தண்ணீர் திருடிய அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டேன். சங்கத் தலைவர் ரெலிபோன் எடுத்து, எங்கள் வீரம் எங்கே என்று கேட்டார்.

மேலே உள்ள கந்தோர்கள் தங்கள் பங்குக்கு ஒரு வருடத்துக்குமேல் இழுத்தன. கடவுச்சீட்டு கைக்கு வந்த கிழமையே அத்தான் புறப்பட்டார். அதற்குள் அம்மா முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். முதல்நாள் இருவரும் அழுதார்களாம். இரண்டாம் நாள், கதை சொல்லியே பழக்கமில்லாத அத்தான் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அவர் சிரித்து அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்து ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப தம்பி, அந்தச் சனத்துக்கு மணியைத் திருப்பிக் குடுத்தாச்சோ?”

“இல்லையம்மா.”

“முந்நூறு வரியமாகியுமோ?”

“ஓம்.”

“நீயெண்டாலும் ஒருக்கால் கேக்கலாமெல்லே?”

“நான் கேட்டால் பாஸ்போட்டைப் பறிச்சுப்போடுவினம் அம்மா.”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், மூன்று நாட்டிலும், வாங்கிப்போய்த் திரும்பி வராத எந்தப் பொருளுக்கும் பெயர் மணிதான். என் மனைவி தன்னுடைய இடியப்பத் தட்டுகளைப் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு சிநேகிதிக்குக் கொடுத்துப் பல வருடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைப் பார்த்து, “மணி பிறம்ரனிலை தொங்குது” என்பார். என் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த சுத்தத் தமிழ் வசனம் அநேகமாக அது ஒன்றுதான்.

அத்தானின் அம்மாவுக்கு முல்லைத்தீவில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு காணியும் கல்வீடும் இருந்தன. யுத்தம் முடிந்தபின் அதற்குள் இராணுவம் முகாம் போட்டுவிட்டது. அம்மா கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, நடந்தார், கடிதம் கொடுத்தார், மற்றச் சனத்தோடு சேர்ந்து காணியைக் கேட்டு வீதியோரம் போய் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் ரெலிபோன் எடுக்கும்போது சில நாள் எங்களையும் சேர்த்து எடுப்பார்.

“காணி என்னவாம் அம்மா?”

“மணி அங்கைதான் தொங்குது” என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்தப் பகிடியைத் தொடக்கிவைத்தவன் நான் என்பதால் என் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

பல வருடம் அப்படியே போயிற்று. அவர் எண்பதை எட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் இராணுவம் காணியை விட்டு வெளியேறியது. அன்றைக்கு மருமகன் முறையான ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அத்தான் எங்களையும் சேர்த்து எடுத்தார். கூரை இல்லை, கதவு யன்னல் இல்லை, கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள், இருபது தென்னையில் நாலு நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“என்ன எல்லாரும் பேசாமல் நிக்கிறியள்?” என்றார். “மணி வந்திட்டுது. நாக்கைத்தான் கழட்டிப்போட்டாங்கள்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.